நெடுவாய்க்கால் பள்ளியின் வரப்புக் கூலிக் கணக்கு

அனுப்புநர்:
ஐ. தங்கையன்,
தெற்குத் தெரு, நெடுவாய்க்கால்,
பூங்கரை ஊராட்சி ஒன்றியம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பள்ளித் துணை ஆய்வாளர் அவர்கள்,
பூங்கரை.

பொருள்: ஒன்றியப் பொதுத் தேர்வில் நெடுவாய்க்கால் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு முழுவதும் கணக்கில் தோற்றதாக அறிவித்தது – கூட்டாகப் பார்த்து எழுதினார்கள் என்ற பழியை நீக்கி மறுதேர்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி வகுப்பில் படிக்கும் அம்சம் என்ற சிறுமியின் தகப்பன். விவசாயக் கூலி வேலை செய்பவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அந்த எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்துப் பார்த்தும் அது என்னைத் தாண்டவிடவில்லை. எங்கள் தெருவில் அந்த அளவுக்குக்கூட யாரும் போகாததால், தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த வழக்கில் பாதி அதனால் வந்தது.

2. ஒன்றியத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வினாத்தாள் என்று இந்த வருடம் மார்ச்சில் தேர்வு வைத்தீர்கள். அதில் எங்கள் பள்ளி கடைசி. கடைசிக்கு முந்தின பள்ளிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஊரே குடியிருக்கலாம். பிள்ளைகள் மக்குகள் என்று தாங்கள் நினைப்பது நியாயம். ஆனால் நடந்தது வேறு.

3. கணக்குத் தாளின் முதல் கேள்வி இது: "பன்னிரண்டு ஆட்கள் ஐந்து நாள் வரப்பு வெட்டினர். ஆள் ஒன்றுக்கு நாள் கூலி இரண்டு ரூபாய் எனில் மொத்தக் கூலி எவ்வளவு?" அடுத்து வந்த கேள்விகளும் இந்தக் கூலியைப் பிடித்துக்கொண்டே போயின.

4. தை மாதம் எங்கள் ஊரில் கூலித் தகராறு நடந்து, தாசில்தார் முன்னிலையில் மண்வெட்டி வேலைக்கு நாலு ரூபாய் என்று முடிவானதைத் தாங்கள் அறிவீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான இடம் வேறு இல்லாததால் பேச்சுவார்த்தை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள். ஊர்வலத்தில் அவர்களை முன்னால் விட்டு, "நாலுக்குக் கீழே கை வைக்காதே" என்று கத்தச் சொல்லிக்கொடுத்தவன் அடியேன். ஐந்து வருடமாக வாய்ப்பாடு ஏறாத தலைகளில் இது ஒரே நாளில் ஏறிவிட்டது.

5. தேர்வன்று மேற்பார்வைக்கு வந்தவர் நாகூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அப்துல் வஹாப் சார். நல்ல மனுஷர். எங்கள் ஊர்ச் சங்கதி அவருக்குத் தெரியாது. வினாத்தாளை வாங்கிப் படித்த என் மகள் எழுந்து, "சார், ரெண்டு ரூவாய்க்கு எந்த ஆளு சார் வருவான்?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வைத்தார்கள். மிராசுதார் சிவக்கொழுந்து பிள்ளை அவர்களின் மகன் தியாகேசன் மட்டும், "பன்னெண்டு ஆளே அதிகம் சார், எட்டு போதும்" என்று சொல்லியிருக்கிறான். அவனும் எழுதவில்லை.

6. வஹாப் சார் கோபப்படவில்லை. "இது காயிதத்துல உள்ள ஆளும்மா, உசிரோட உள்ள ஆளு இல்ல" என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அம்சம், "காயிதத்துல ஒத்துக்கிட்டா, அப்புறம் வயல்ல அதையே காட்டுவாங்க சார்" என்றாளாம். சார் என்னையும் மிராசுதாரையும் அழைத்துவர ஆள் அனுப்பினார்.

7. இங்கேதான் நான் சொதப்பினேன். "எழுதித் தொலைங்க புள்ளைங்களா" என்று சொல்லத்தான் சேற்றுக் காலோடு ஓடினேன். ஆனால் உள்ளே மிராசுதார் உட்கார்ந்திருக்கிறார், வெளியே ஜன்னலில் சங்கத்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் கிளைச் செயலாளர் எப்படி இரண்டு ரூபாய்க்குச் சம்மதிப்பான்? நாலு என்றேன். மிராசுதார், "தங்கையா, நாலுங்கிறது இந்த வெள்ளாமைக்கு மட்டுந்தான். இது சர்க்கார் தாளு. இதுல ஏறிட்டா நெரந்தரமாயிடும்" என்றார். "அப்ப ரெண்டு மட்டும் ஏறலாமாங்க அய்யா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் என் துண்டை உதறினேன். வஹாப் சார் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

8. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது சார் இருவரையும் கெஞ்சி, எவருடைய உரிமைக்கும் பங்கம் இல்லாமல் இந்தத் தேர்வு வரைக்கும் மூன்று ரூபாய் என்று முடித்துவைத்துக் கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் உடனே குனிந்து நூற்றெண்பது என்று விடை எழுதினார்கள். மற்றக் கணக்குகளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

9. திருத்தியவர் எல்லாத் தாளிலும் ஒரே தவறான விடையைப் பார்த்து, "கூட்டாகப் பார்த்து எழுதியது" என்று சிவப்பு மையில் எழுதி, வகுப்பையே தோல்வி போட்டு ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார். ஐயா, அவர்கள் பார்த்து எழுதவில்லை. பேசி முடித்து எழுதினார்கள். இரண்டு ரூபாய் என்று கொண்டால் நூற்றிருபதுதான் விடை. கணக்குப்படி அதை நான் மறுக்கவில்லை. வஹாப் சார் மீதும் குற்றம் இல்லை. அவர் இடத்தில் தாசில்தாரே இருந்திருந்தாலும் மதியச் சாப்பாடு தாண்டியிருக்கும். விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வந்திருப்பதாக அறிகிறேன். அதை விட்டுவிட வேண்டும்.

10. ஆகவே இந்த வகுப்புக்கு மட்டும் கணக்கில் மறுதேர்வு வைக்குமாறு வேண்டுகிறேன். வினாத்தாளில் மாம்பழம், ரயில் வண்டி, துணிக்கடை இவை வரலாம். வாய்க்கால் தண்ணீர் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், யார் வயலுக்கு முதலில் பாய்வது என்ற முறைத் தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் பாக்கி இருக்கிறது. குத்தகையும் வேண்டாம். மிராசுதார் அவர்களிடம் இம்மனுவை வாசித்துக் காட்டினேன். அவர் மகனும் நின்றுபோயிருப்பதால், துண்டு உதறிய இடத்தைத் தவிர மற்றதெல்லாம் சரி என்று சொல்லிக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். அவரும் நானும் தாசில்தார் இல்லாமல் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது இதுவே முதல் தடவை.

11. அவசரத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தியாகேசன் இன்னொரு வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தால் அவனுக்கு ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். அம்சத்துக்கு அப்படி இல்லை. ஜூனில் வலங்கைமானில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தோம். "படிச்சதையே திரும்பப் படிக்கிறதுக்கு நடவுக்கு வரட்டும்" என்று என் மனைவி காத்தாயி இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள். அவள் சொல்வதிலும் பிழை காண முடியவில்லை, வீட்டு நிலைமை அப்படி. சிறு பிள்ளைக்கு அரை ஆள் கூலி. அது எவ்வளவு என்று நான் இங்கே கணக்குப் போடவில்லை. ஒரு போகம் நாற்றைக் கையில் பிடித்த பெண்பிள்ளை மறுபடி புத்தகத்தைப் பிடித்து எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் சில நாளில் அது எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடும். அதற்கு முன் தங்கள் உத்தரவு வர வேண்டும் ஐயா. தேர்வு எந்த ஊரில் வைத்தாலும் பிள்ளைகளை நானே நடத்திக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிடுகிறேன். உள்ளே என்னைக் கூப்பிட வேண்டாம்.

நெடுவாய்க்கால்,
14-5-1973.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ஐ. தங்கையன்
(அம்சத்தின் தகப்பன்)

மேற்கண்டதை ஆதரித்து,
சிவக்கொழுந்து பிள்ளை
(தியாகேசனின் தகப்பன்)