அடுத்த கட்டத்தில் போட்ட கோடு

பிரிண்டரில் வைக்க வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்களை நாம் சேர்த்துவைத்த அட்டைப்பெட்டியில் கைவிட்டு, வந்ததை எடுத்தேன். திருப்பிப் பார்த்தால், பிடிபட்ட மீனவர்களின் அந்தப் பட்டியல். ஏழாவது வரியில் "இடது தாடையில் வெட்டுத் தழும்பு, வ" என்று நிற்கிறது. அதற்கு அடுத்த கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது.

தங்கச்சிமடத்தில் இந்தப் படகுச் சங்க ஆபீசில் ஒன்பது வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நீ கடற்கரைக்காரி. நான் மிளகாய் விளையும் கமுதியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், முன்கோபி. அதனால் உனக்கு நான் மிளகாய்க்காரி. இலங்கை நேவிக்காரர்கள் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அக்கரையிலிருந்து தகவல் வந்தால் போதும், விடிவதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். நீ கேட்பாய், அவர்கள் சொல்வார்கள், அவர்கள் சொல்வதை நீ அப்படியே எக்செல்லில் அடிப்பாய். 'அடையாளம்' என்ற கட்டத்தில் ஒருமுறை இப்படி அடித்திருந்தாய்: "வலது கையில் நடுவிரல் இல்லை, வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டிப் போனது, ஆள் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏண்டி, இது என்ன கல்யாணப் பேச்சா? ரெண்டு வார்த்தையில முடி."

"போடி மிளகாய்க்காரி. புருசன அங்கன புடிச்சு வச்சிருக்காக. பொண்டாட்டிகாரி ரெண்டு வார்த்தையிலயா பேசுவா?"

அச்செடுத்து அனுப்புவது என் வேலை. மீன்துறைக்கு அனுப்பி, அங்கிருந்து அக்கரைக்குப் போகும் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பூர்த்தி செய்யவில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆகவே காலிக் கட்டங்களில் எல்லாம் ஒரு கோடு போட்டு நிரப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நீளமாக அடித்த எழுத்து, பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால்தான் அதன்மேல் ஓடித் தெரியும், அங்கே ஒரு கோடு இருந்தாலும் எல்லையிலேயே வெட்டுப்படும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மற்ற நாளில் படித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவேன். இந்தப் பட்டியல் போன அன்றைக்குப் பதினோரு பேர். அவசரம். தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

அந்த ஏழாவது ஆள் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அவர் மனைவி இங்கே வந்து சத்தம்கூடப் போடவில்லை.

"வலிப்பு இருக்கு, ராத்திரி மாத்திரை தவறக் கூடாதுன்னு எழுதச் சொன்னேனே தாயி. அங்க ஜெயில்ல யாருக்கும் தெரியலயாம். விழுந்து கம்பியில மோதி ஒரு கண்ணு போயிருச்சு."

நீ மௌஸால் அந்தக் கட்டத்தைத் தொட்டாய். நீ அடித்தது முழுசாகத் திரையின் மேல்பட்டையில் இருந்தது. தாளில்தான் 'வ' வரைக்கும் வந்திருந்தது. "நாந்தாங்க்கா நீட்டி அடிச்சுட்டேன், எடம் பத்தல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கோட்டைப் பற்றி உனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதைத்தான் செய்தேன்.

அதன்பிறகு நீ இரண்டு வார்த்தைக்கு மேல் அடிக்கவில்லை. மச்சம், கழுத்து. தழும்பு, கால். பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நீ விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்பாய். நான் எத்தனை வருடம் திட்டியும் நடக்காதது அப்படி நடந்தது. ஷீட் பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அதைத் திறக்கவே பிடிக்கவில்லை.

கட்டி என்று உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர்கள் அனுப்பிய பிறகு உன்னைப் பார்க்க வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீயே ஆரம்பித்தாய். "பூசை வைக்க வந்த சர்ச்சு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. அந்தக் கண்ணு மட்டும் நெஞ்சுல குத்திக்கிட்டே கெடக்கு." நான் ஆரஞ்சுச் சுளையை உரித்து உன் வாயில் வைத்தேன். நீ தலையாட்டினாய். "வாரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் பாம்பன் வரும்வரை அழுதேன். அழுது என்ன செய்ய?

இன்றைக்கு அந்தப் பழைய ஷீட்டைத் திறந்து ஏழாவது வரிக்குப் போனேன். கோட்டை அழித்தேன். நீ அடித்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. வலிப்பு, மாத்திரையின் பெயர், எத்தனை மணிக்கு என்பதுகூட. கடைசியில், "தண்ணீரோடு கொடுத்தால் துப்பிவிடுவார், கஞ்சியோடு கொடுக்கவும்." அதன்கீழே என் பெயரைப் போட்டு, கோடு போட்டு மறைத்தது நான் என்று நடந்ததையெல்லாம் அடித்தேன். ஒரு பக்கம் வந்தது. ஒரு வார்த்தையும் வெட்டுப்படவில்லை என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

தாள் என் பையில் இருக்கிறது. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். அந்த அக்கா என்னைத் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும். உன்மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்குச் சொல்ல ஒரு பக்கம் தேவைப்பட்டது. உன்னிடம் சொல்ல, அன்றைக்கு, இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது.