திரையில் எழுதாத சொல்

அன்புள்ள நண்பா,

சிராங்கூன் சாலை மருந்துக்கடையில் இன்று யாரோ தைலக் குப்பியைத் திறந்தார்கள். ஃபேரர் பார்க் பக்கம் நீ குத்துச்சண்டை பழகிய கூடத்தின் வாடை அப்படியே வந்தது. மாத்திரை வாங்கப் போனவன் உன்னை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உன் கடைசிப் போட்டியில் தண்ணீரும் துண்டுமாக உன் மூலையில் இருந்தது நான்தான். எதிராளி கயிற்றில் சாய்ந்து தள்ளாடினான். இன்னும் ஒரு குத்து விட்டால் முடிந்தது. நீயோ கையைத் தாழ்த்தினாய். அவன் அடித்தான், விழுந்தாய்.

"பயந்துட்டியாடா?" என்று கேட்டேன். நீ கையுறையைக் கழற்றத் தொடங்கினாய்.

அடுத்த மாதமே ராணுவத்தில் சேர்ந்தாய். பீரங்கிச் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாய்.

பல வருடம் கழித்து, நகரத்து அரங்கு ஒன்றில் பழைய ஊமைப்படம் போட்டார்கள். குத்துச்சண்டை வீரன் ஒருவன் போருக்குப் போகிற கதை. உன்னைக் கூட்டிப்போனேன்.

"இன்னைக்கு நீயும் நானும் ஒண்ணுதான் லா," என்று சிரித்தபடி உட்கார்ந்தாய்.

படத்தில், பதுங்குகுழிக்குள் அந்த வீரன் எதிரிச் சிப்பாய்மேல் கையை ஓங்கினான். சிப்பாயின் வாய் அசைந்தது. ஓங்கிய கை இறங்கியது. திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. நீ மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

அந்தச் சிப்பாய் என்னதான் சொன்னான் என்று காப்பிக்கடையில் உன்னை நச்சரித்தேன். 'போதும்' என்றானாம். பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னாய்: "அன்னைக்கு ரிங்குல அவனும் அதைத்தான் சொன்னான். எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

இத்தனை வருடம் ஏன் மறைத்தாய் என்றேன். சொன்னால் அவன் எப்படி வெளியே தலைகாட்டுவான் என்று திருப்பிக் கேட்டாய். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வார்த்தை வருமுன்னே என் உதட்டைப் படித்துவிட்டு, "காப்பி ஆறுது, குடி," என்றாய்.

நீ போன பிறகு அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிப்பாய் நிஜமாகவே அதைத்தான் சொன்னானா, இல்லை, உன் போட்டியைத்தான் நீ அங்கே பார்த்தாயா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் போட்டியைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஈசூனில் உன் அடுக்குமாடி புளோக்கின் கீழே சவப்பெட்டியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, அன்று உன்னோடு மோதியவர் வந்தார். தலையெல்லாம் நரைத்திருந்தது; பெயரைச் சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அந்தப் போட்டியைப் பற்றி நீ எப்போதாவது பேசினாயா என்று கேட்டார். ஒரே ஒரு தடவை என்றேன். தலையாட்டினார். உன் முகத்தையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"போதும்னேன். அவர் நிறுத்துனாரு. நான் நிறுத்தல."

உனக்காகச் சொன்னதை நான்தான் வாங்கிக்கொண்டேன். உன்னிடம் சேர்க்க வழி தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.