மூடி வைத்த தட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதாமே, பக்கத்து வீட்டாரைக் கடிக்காமல் பார்த்துக்கொள். உன் ரத்தம் அல்லவா! போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. உன் அத்தான் பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் கடிதம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று நீ கேட்டதே இல்லை. அலையாத்திக் காட்டில் இரும்புக் குழாயை இறக்கிச் சேற்றைத் தூண் மாதிரி எடுத்து வருவார்கள். அதை வில்லை வில்லையாக அறுத்து, காயவைத்து, உப்பு நீரில் கரைப்பது நான். மண் அடியில் தங்கும், பிளாஸ்டிக் துணுக்கு மிதக்கும். அதை வடிகட்டி, எங்கள் பேராசிரியை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார். மேல் வில்லை போன வருடத்துச் சேறு, அடி வில்லை நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது.

அந்தக் காட்டு ஓடையில்தான் அத்தான் நண்டு பிடிக்கிறார். பிடித்தார் என்று எழுத வேண்டும். கரையில் பழைய பிளாஸ்டிக் அரைக்கும் ஆலை வந்ததிலிருந்து, கழுவிய தண்ணீர் நேராக ஓடைக்குத்தான் வருகிறது. மூச்சுவிடும் வேர்கள் மேலெல்லாம் நீலப் பிளாஸ்டிக் தூள். இளம் மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போகின்றன. ஆறு கூடை வந்த இடத்தில் அரைக் கூடை நண்டு. ஆலை மேல் வழக்கு நடக்கிறது, அடுத்த மாதம் விசாரணை. எங்கள் ஆய்வறிக்கையை விட்டால் ஊர்ப் பக்கம் வேறு சாட்சி கிடையாது.

போன வருடம் நீ ஒரு சிவப்பு ஸ்வெட்டர் அனுப்பினாய். ஏசி குளிரில் நடுங்குகிறேன் என்று நான்தான் புலம்பினேன். மற்றத் துணிகளிலிருந்து பிளாஸ்டிக் இழை உதிரும், பருத்தி உடைதான் போட வேண்டும் என்று அங்கே விதி. மேலே பருத்திக் கோட்டு இருக்கிறதே என்று அதை உள்ளே போட்டுக்கொண்டேன். கைப்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அதைக்கூட மன்னிக்கலாம். வேலை நடக்கும்போது பக்கத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு கண்ணாடித் தட்டு வைக்க வேண்டும். தூசி விழுகிறதே என்று நான் அதை மூடி வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடமும் மூடியே வைத்தேன். தினமும் தட்டு பளிச்சென்று இருக்கும், எனக்குப் பெருமையாக இருக்கும். அறையின் தூசி சேற்றில் கலக்கிறதா என்று பிடித்துக் காட்டத்தான் அந்தத் தட்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய சுத்தக்காரி!

போன வாரம் அடி வில்லை ஒன்றில் சிவப்பு இழைகள் வந்தன. பிளாஸ்டிக் பிறப்பதற்கு முந்திய சேறு. இவ்வளவு ஆழத்துக்கா இறங்கிவிட்டது என்று பேராசிரியை கலங்கிப்போனார். நீயும் பார் என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். அது என் ஸ்வெட்டர், தம்பி.

மறுநாள் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. அந்த ஸ்வெட்டர் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேட்டார். அதற்கு முன் அறுத்த வில்லைகள் செல்லும், பிறகு அறுத்தவை செல்லாது. நான்காவது முறை காட்டுக்குப் போனபோதுதான் ஆலைக்கு அருகில் தூண்கள் எடுத்தார்கள்; அவற்றை அறுத்து முடித்த பின்னால் ஸ்வெட்டர் வந்திருந்தால் அவை பிழைக்கும். முன்னால் வந்திருந்தால், தூரத்தில் எடுத்த மூன்றுதான் மிஞ்சும். அதை வைத்து ஆலையின் வக்கீலிடம் நிற்க முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மொத்தத்தையும் கொட்டிவிடுவார். அந்த நீலத் தூள் பொய்யில்லை, அதையும் சேர்த்துத்தான்.

அத்தான் என்னோடு பேசி நான்கு நாளாகிறது. கடைசியாகச் சொன்னது, "நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா? அந்த ஸ்வெட்டர் பின்னாலதான் வந்துச்சுன்னு சொல்லு." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வெறும் கூடையோடு வருகிறவர் வேறு என்ன சொல்வார்? உன்னிடமும் பேசியிருப்பார். தேதியை மாற்றிச் சொல்ல நீயும் சரியென்றிருப்பாய். அக்காவுக்காக எதையும் செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

ஸ்வெட்டர் முன்னால் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பின்னால் என்றும் சில நேரம் தோன்றுகிறது, அப்படித் தோன்ற வைப்பது ஆசை என்றும் தெரிகிறது. பார்சல் ரசீது உன்னிடம் இருக்கும், நீ காகிதத் துண்டைக்கூடத் தூக்கிப் போடாதவன். அதை அப்படியே அனுப்பு. தெரியாமல் ஒரு பொய்யை அந்தச் சேற்றில் கலந்துவிட்டேன். தெரிந்து இன்னொன்றைக் கலக்க என்னால் ஆகாது.

குளிருமே என்று பார்த்து அனுப்பினாய், அவ்வளவுதான் நீ செய்தது. ரசீதில் எந்தத் தேதி இருந்தாலும் நீ என் தம்பி. பிள்ளைகளோடு நூறு வயது நன்றாக இரு.

உன் அக்கா