ஸ்லேட்டர் பாலத்து முள்ளம்பன்றி

ஆகஸ்ட் 9, சனி

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். ஏப்ரலில், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்தபோதே, டெலியாவின் கடையில் காபி குடித்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "இந்தக் கோடை முடியறதுக்குள்ள ஸ்லேட்டர் பாலத்துல ஒருத்தன் சைக்கிளோட விழுவான், எழுதி வச்சுக்கோங்க." யாரும் எழுதி வைக்கவில்லை. விழப்போகிறவன் நான்தான் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. ஜோசியம் சொல்கிறவனுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

இடது காறை எலும்பு முறிந்திருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "சுத்தமான முறிவு" என்றாள். நான் எதைச் செய்தாலும் அப்படித்தான்.

நடந்தது இது. காப் மேட்டிலிருந்து மணிக்கு நாற்பத்தைந்து மைல் வேகத்தில் இறங்கினேன். கூட ஓட்டி வந்த நோர்பர்ட் இன்னும் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அதனால் சாட்சி இல்லை. மேடு முடிகிற இடத்தில் பாலம், வீடு மாதிரி சுவரும் கூரையும் போட்ட பழைய மரப்பாலம். வெயிலிலிருந்து சட்டென்று கூரைக்கடியில் நுழைந்தால் கண் இருட்டும். அந்த இருட்டின் நடுவில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. பூனை அளவு இருக்கும். அதன் உயிரைக் காப்பாற்றத் திருப்பினேன். அது பிழைத்தது.

ஆகஸ்ட் 10

பூனை அளவு இல்லை. நிதானமாக யோசித்தால் நாய் அளவு.

ஆகஸ்ட் 12

நோர்பர்ட் வந்தான். ஊரில் என்னோடு சைக்கிள் ஓட்டத் தைரியம் உள்ள ஒரே ஆள். வயது அறுபத்து மூன்று, இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், சைக்கிள் மட்டும் இறகு மாதிரி இருக்கும்.

"நாப்பத்தஞ்சு மைலா? அந்த வேகத்துல நீ ஓட்டினது பால் லாரியத்தான்டா" என்றான்.

"மேட்டுல நின்னவனுக்கு என்ன தெரியும்?"

"சரி, முள்ளம்பன்றி எங்க போச்சு?"

"நன்றி சொல்லிட்டுப் போச்சு."

கொண்டுவந்த செடார் பாலாடைக்கட்டியில் பாதியை அவனே தின்றுவிட்டுக் கிளம்பினான்.

ஆகஸ்ட் 14

டெலியா சூப் கொண்டுவந்தாள். என் அக்கா மகள். பாலத்தின் மறுபக்க வாயிலருகே கடை வைத்திருக்கிறாள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை.

"மாமா, உண்மையச் சொல்லு. முள்ளம்பன்றியா, பலகையா?"

விஷயம் என்னவென்றால், அந்தப் பாலத்தின் தளத்தில் பலகைகளை நீளவாக்கில் பாவியிருக்கிறார்கள். என் தாத்தாவின் தாத்தா காலத்துப் பாலம். மரம் காய்ந்து பலகைக்குப் பலகை இடுக்கு விழுந்துவிட்டது. குதிரைக்கும் காருக்கும் தெரியாது. பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் மட்டும் ரொட்டியில் கத்தி இறங்குவது போல இறங்கிவிடும். 'இறங்கி நடக்கவும்' என்று அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறது. மேட்டிலிருந்து வருகிற வேகத்தை விட்டுவிட்டு எவன் இறங்குவான்? நானே ஒரு தடவைகூட இறங்கியதில்லை. இறங்குவது கிழவர்களுக்கு.

போன இலையுதிர் காலச் சைக்கிள் பவனியில் இரண்டு பேர் விழுந்தார்கள். இன்னும் ஒருவர் விழுந்தால் பவனியைப் பெரிய சாலையின் கான்கிரீட் பாலத்துக்கு மாற்றிவிடுவோம் என்று ஊர்க் குழு அப்போதே சொல்லிவிட்டது. மாற்றினால் டெலியாவின் கடைப்பக்கம் ஒரு சைக்கிளும் வராது. அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் அவள் குளிர்காலத்தைத் தள்ளுகிறாள். இல்லையென்றால் பனி விழுவதற்குள் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

"முள்ளம்பன்றிதான்" என்றேன்.

"கூட்டத்துல கேப்பாங்க."

"கேக்கட்டும். பேச்சுல என்னை யாரு ஜெயிச்சிருக்கா?"

சூப்பில் உப்பு குறைவு. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஊர்க் குழுக் கூட்டம். தலைவி யூனிஸ் பெக். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து மேசை. அவள் பத்தாவதுக்குப் போனாள், நான் பால் லாரிக்குப் போனேன்.

நம் ஊர்க் கூட்டத்தில் எவனும் எழுந்து பேசலாம். அந்தச் சுதந்திரத்தை என்னளவுக்குப் பயன்படுத்தியவர் யாருமில்லை. முள்ளம்பன்றி பின்னங்காலில் எழுந்து நின்றதைச் சொன்னேன். பல்லைக் கடகடவென்று அடித்ததைச் சொன்னேன். கட்டுப்போட்ட கையோடு அதன் நடையை நடந்தும் காட்டினேன்.

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "லெஸ்டர், நீ விழுந்தது பலகை இடுக்காலதானா இல்லையா? ஆமா, இல்லை, அவ்வளவுதான் வேணும்."

"முள்ளம்பன்றியால, யூனிஸ்."

"எவ்வளவு பெரிசு?"

"கன்னுக்குட்டி அளவு."

பின்வரிசையில் சிரிப்பு. ஆனால் முடிவு நமக்குத்தான். குற்றம் விலங்குடையது, பாலத்துடையது இல்லை. அக்டோபர் பவனி பழைய வழியிலேயே நடக்கும். டெலியா வெளியே வந்து என் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கடையை ஒற்றைக் கையால் காப்பாற்றியவன் நான். அந்தக் கையும் பாதி நேரம் பாக்கெட்டில் இருந்தது.

ஆகஸ்ட் 20

முள்ளம்பன்றி இருந்தது உண்மை. இடுக்கும் இருக்கிறது. இரண்டுமே இருக்கலாம், இல்லையா?

ஆகஸ்ட் 30

நோர்பர்ட் புது டயர் வாங்கியிருக்கிறான். நூல் மாதிரி. கடையில் எல்லாருக்கும் தடவிக் காட்டுகிறான்.

"பவனியன்னிக்கு உன் நாப்பத்தஞ்ச நான் அம்பதாக்கிக் காட்டறேன். பாலத்துல பிரேக்கையே தொடமாட்டேன்" என்றான்.

"இருட்டுடா அங்க. மெதுவாப் போ."

"எதுக்கு? பாலத்து மேல தப்பு இல்லைன்னு நீதானே கூட்டத்துல நின்னு சொன்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. இது எழுத்தில் பதிவாகவேண்டிய நிகழ்ச்சி.

செப்டம்பர் 2

தூக்கம் சரியில்லை. அவன் இடுப்புல இரும்பு இருக்கு. ஒரு தடவ விழுந்தான்னா அதோட சரி, அப்புறம் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். இவன் ஒருத்தனா? அன்னிக்கு அத்தனை பேரும் அதே மேட்டுலேர்ந்து அதே இருட்டுக்குள்ள வருவானுங்க. போய்ச் சொல்லிடலாமா? சொன்னா டெலியா கடை போச்சு. சொல்லலைன்னா நோர்பர்ட் இடுப்பு போச்சு.

சொல்லிடலாமான்னா — எதை? சொல்ல என்ன இருக்கு? முள்ளம்பன்றி இருந்துச்சு.

செப்டம்பர் 6, சனி

விறகு பிளக்கிற நோர்பர்ட்டைப் பார்த்தபடி நின்றேன் (எனக்குக் கை இப்படி இருப்பதில் சில வசதிகள் உண்டு). அவன் கோடரிப் பிடியில் பாதி அரித்துப்போயிருந்தது. "முள்ளம்பன்றி தின்னுடுச்சு. வேர்வை உப்பு" என்றான். நம் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். எங்கள் பக்கத்து முள்ளம்பன்றி மரமேறும், உப்புக்காகப் படகுத் துடுப்பைத் தின்னும், காட்டுக் கொட்டகைக் கழிப்பறையின் இருக்கையைக்கூடத் தின்னும்.

அப்போதுதான் எனக்குள் விளக்கு எரிந்தது. மேடேறி வந்த சைக்கிள்காரனை விட உப்பான பொருள் இந்த வெர்மான்ட் மாநிலத்தில் வேறு உண்டா?

நேராக டெலியாவின் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. சொன்னேன்: அது போகவில்லை. பாலத்தின் உத்தரத்திலேயே குடியிருக்கிறது. என் ஹேண்டில்பார் உப்பின் ருசி கண்டுவிட்டது. சக்கரம் சுழலும் சத்தம் கேட்டால் இறங்கி வந்து வாலை வீசும். ஒரு வீச்சுக்கு முப்பது முள், டயர் சல்லடை. ஆனால் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தால் ஒன்றும் செய்யாது. மரியாதை தெரிந்த பிராணி.

நோர்பர்ட்டின் கை தானாகவே அவன் டயர் மேல் போனது. "இந்த டயர் என்ன விலைன்னு தெரியுமாடா உனக்கு?"

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

டெலியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பெயின்ட் டப்பாவைத் தேடப் போனாள்.

செப்டம்பர் 7

பாலத்தின் இரண்டு வாயிலும் புதுப் பலகை. 'முள்ளம்பன்றிகள் வசிக்கும் இடம். சைக்கிளை உருட்டிச் செல்லவும். டயருக்கு யாரும் பொறுப்பில்லை.' படமும் வரைந்திருக்கிறாள். பிரஷ்ஷுக்குக் கால் முளைத்தது போல இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கைக்கட்டு அவிழ்ந்தது. கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பாஸ்டனிலிருந்து வந்த ஒரு கும்பல் மேட்டிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. 'இறங்கி நடக்கவும்' பலகையை எவனும் பார்க்கவில்லை. முள்ளம்பன்றிப் படத்தைப் பார்த்ததும் அத்தனை பிரேக்கும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது. இறங்கினார்கள். கோயிலுக்குள் போவது போலப் பேச்சைக் குறைத்துக்கொண்டு உருட்டி வந்தார்கள். இறங்கிய கால் இறங்கியதுதானே என்று கடைக்குள்ளும் நுழைந்தார்கள்.

அதில் ஒரு பெண், தாயையும் இரண்டு குட்டிகளையும் உத்தரத்தில் பார்த்ததாக அடித்துச் சொன்னாள். குட்டிகளைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மனிதர்கள் இப்படிக் கூசாமல் புளுகுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு — பவனி

இலையெல்லாம் சிவந்து மேடே தீப்பிடித்தது போல இருந்தது. காலையிலிருந்து பாலத்தை விட்டு நான் நகரவில்லை. ஒருவர்கூட ஓட்டிக்கொண்டு போகவில்லை. நோர்பர்ட் கடைசிப் பத்து பேரில் வந்தான், இறங்கினான், உருட்டக்கூட மனமில்லாமல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"அம்பது மைல் என்னாச்சு?" என்றேன்.

"வாய மூடு. அது முழிச்சுக்கும்."

யாரும் விழவில்லை. டெலியாவின் ஆப்பிள் டோனட் மதியத்துக்குள் தீர்ந்து, மாலையில் அவள் வெறும் சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

எல்லாரும் போனபின் யூனிஸ் வந்தாள், கையில் டார்ச். உத்தரத்தில் அடித்துப் பார்த்தாள். ஒரு குருவிக்கூடுகூட இல்லை. பிறகு வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். நான் விழுந்த இடத்துக்கு நேராகப் போய்க் குனிந்து, கார்ச் சாவியை இடுக்கில் விட்டு நெம்பினாள். ஒரு நீலத் துண்டு வந்தது. ஊரில் நீலக் கோடு போட்ட டயர் என்னுடையது மட்டும்தான்.

அதை என் உள்ளங்கையில் வைத்தாள். "முள்ளம்பன்றி மென்னுட்டு இதுக்குள்ள துப்பிடுச்சு போல."

"சுத்தமான பிராணி, யூனிஸ்."

"ஒன்பதாவதுலயும் நீ இப்படித்தான்." டார்ச்சை அணைத்தாள். "தளத்து மேல ரப்பர் போட அரசாங்கத்துக்கு எழுதியிருக்கேன். பழைய பாலம், லேசுல சம்மதிக்க மாட்டாங்க, வசந்தம் ஆயிடும். அதுவரைக்கும் உன் ஆள் வேலையில இருக்கட்டும்."

அக்டோபர் 12, ஞாயிறு

எலும்பு கூடியபின் முதல் ஓட்டம். நோர்பர்ட்டைக் கூப்பிடவில்லை. காப் மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கியது. குளிர் காற்று அப்படி. பிறகு இறக்கம். பாலத்தின் வாய் கறுப்பாகத் தெரிந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.

பிரேக் பிடித்தேன். இறங்கினேன். உருட்டிக்கொண்டு நடந்தேன். இத்தனை வருஷத்தில், அந்தப் பலகைகளுக்கு அடியில் ஆறு இவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

மறுபக்க வாயிலில் டெலியா குளிர்காலத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீயுமா இறங்கிட்ட?"

"முள்ளம்பன்றிம்மா."

"ஆமாமா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் துடைத்துவிட்டு எனக்குக் காபி ஊற்றப் போனாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? சூப் கொண்டுவந்த அன்றேவா? நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

இந்த நோட்டை இவ்வளவு தூரம் எழுதிவிட்டதால் ஒன்றை மட்டும் சரிசெய்து வைக்கிறேன். மற்றதெல்லாம், அந்த நாற்பத்தைந்து மைல் உட்பட, நடந்தது நடந்தபடியே எழுதியது. அன்றைக்குப் பாலத்தில் முள்ளம்பன்றி இல்லை.