நான்காவது படி

செவ்வாய்த் தளம், நாள் 41, காலை 09:10
கணினியைத் தொடாமலே கணினிபோல் யோசிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா? இதை மதிப்பிடத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பணியாளர்கள் ஆறு பேர், இரண்டு அணி. செண்பகவல்லி அணிக்குச் சிக்கலை மட்டும் கொடுப்பேன். வழியை அவர்களே தேட வேண்டும். இருதயராஜ் அணிக்கு வழியைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பேன். இன்றைய பாடம்: மின்சாரம் போய்ப் புகை சூழ்ந்தால், காற்றுக் குழாய்களை எந்த வரிசையில் கையால் திருப்புவது?

நாள் 41, 11:40
இருதயராஜ் அணிக்கான படிமுறைத் தாளில் நானே ஒரு தப்பை ஒளித்து வைத்தேன். உறங்கும் அறைக் குழாயை மூடிய பிறகுதான் புகையை வெளியேற்றும் வெளிவாயிலைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த அறையின் காற்றும் வெளியே போய்விடும். தாளிலோ நான்காவது படியிலேயே வெளிவாயில் திறந்துவிடும். செண்பகவல்லி அணி குழாய்ப் பெயர் எழுதிய அட்டைகளைத் தரையில் பரப்பி, நாற்பது நிமிடம் சண்டை போட்டுச் சரியான வரிசையைக் கண்டது; பிறகு தாளைக் காட்டியதும் தப்பைப் பிடித்தது. இருதயராஜ் அணி ஒன்பதே நிமிடத்தில் தப்போடு சேர்த்துச் செய்து முடித்தது. சோதனை நாலு நாள் நடக்கும். அதுவரை இருதயராஜ் அணியிடம் தப்பைச் சொல்லக் கூடாது. ஒரு விதியும் போட்டேன்: இடையில் யார் குறுக்கிட்டாலும், நானே ஆனாலும், நிறுத்தக் கூடாது. என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது.

நாள் 43, 14:06
சூரியப் புயல். கணினிகள் கருகிவிட்டன. சரியான தாள் அவற்றில்தான் இருந்தது. நடைவழிக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உறங்கும் அறையில் நானும் செண்பகவல்லி அணியும். குழாய் அறையில் காப்புடையோடு இருதயராஜ் அணி, புகை, சுவரில் என் தாள்.

14:09
கம்பித் தொலைபேசி வேலை செய்கிறது. தாள் தப்பு, நிறுத்துங்கள் என்று கத்தினேன்.
“குறுக்க பேசுவீங்கன்னு தெரியும் மேடம். புகை வரைக்கும் நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. நாங்க ஏமாற மாட்டோம்.”
இருதயராஜ் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். என் தாள், என் விதி. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். பயமாக இருக்கிறது.

14:12
செண்பகவல்லி தொலைபேசியில் மறுபடி அவரை அழைத்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள்.
“அண்ணே, நாலாவது படி முடிஞ்சா எங்க ரூம் காத்து எங்க போவும்? அத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க.”
அந்தப் பக்கம் படிகளை ஒவ்வொன்றாக முணுமுணுத்தார். யோசிக்கிறார் என்று நம்பினேன்.
“அது தாள்ல இல்லியேம்மா.”

14:14
காது அடைக்கிறது. காற்றுத் துளையில் மெத்தையை அடைத்து மூவரும் முதுகால் அழுத்துகிறார்கள். துணி உள்ளே இழுபடுகிறது. விரல்

14:16
தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்து
“முடிஞ்சது மேடம். எட்டே நிமிஷம். போன தடவையவிட ஒண்ணு கம்மி. குறிச்சுக்கிட்டீங்களா?”