மச்சானுக்கு ரஷ்யாவில் கிடைத்த படிப்பு

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

இதெல்லாம் நடக்குமென்று நான் போன வருடமே சொன்னேன். உம்முடைய முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

ரஷ்யாக்காரன் இனி மாகாணம் மாகாணமாக ஆட்களைப் படிப்பிக்கத்தான் காசைக் கொட்டுவான் என்று இங்கே கனடாவில் ரெக்ஸ்டேல் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது யூரல் மலைப் பக்கத்து ஆலையில், அந்த ரஷ்ய மாகாணத்துச் செலவில், உம்முடைய தம்பி றெஜினோல்ட் கம்பியூட்டரால் இரும்பு வெட்டும் மெஷின் படிக்கிறானாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவன். அவன் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் படங்களை இனி அனுப்பவேண்டாம், உம்முடையதை அனுப்பும். ஊரிலிருந்து ஆரும் இங்கே வந்தால் கூழுக்கு ஒடியல் மாவும் கொடுத்துவிடும்.

எங்கள் ஃபக்டரிக்கும் அதே மெஷின் வந்துவிட்டது. பழகாதவர்களுக்கு வேலை குறையுமாம். நீர் பயப்படவேண்டாம், பழகுவதற்கு முதல் ஆளாக என்னைத்தான் எடுத்தார்கள்.

“அண்ணை, உந்த மெஷின் பழகப் போறியளோ?” என்று சூப்பவைசர் துஷாந்த் கேட்டான்.

“உது எனக்கு எப்பவோ தெரியும், தம்பி.”

“அப்ப உங்களுக்கு கோர்ஸ் தேவையில்லை.”

பஸ் வருகிறது, முடிக்கிறேன். என்னை எடுத்தார்கள் என்று எழுதியது பொய். துஷாந்த் கோர்ஸிலிருந்து என் பெயரை வெட்டிவிட்டான். றெஜினோல்ட் படிக்கிற பாடங்களை, நீர் கேட்பதுபோலக் கேட்டு, எனக்கு அனுப்பும்.

உம்முடைய கணவன்,
பேர்னாட்