மாப்பிள்ளை கையில் இருப்பது கையுறை அல்ல

அனுப்புநர்:
நிசோன் பாபாஜானவ், வயது 91,
ஹிஸ்கியாவின் மகன், செருப்புத் தைத்து ஓய்ந்தவர்,
கிணற்றுச் சந்து, பழைய யூதத் தெரு,
புகாரா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நூல்சந்தை நிழற்படக் காப்பகம்,
புகாரா.

பொருள்: கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்றில் ‘கையுறை அணிந்த வணிகரும் பணியாளச் சிறுவனும்’ என்று இருப்பதை நீக்கிச் சாயக்காரர் பின்ஹாஸ் என்று எழுதவும், அதன் பிரதியை அவர் மகளுக்குத் தரவும், நாங்கள் சத்தமாகப் பேச ஒரு நாள் அனுமதிக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் போர் வந்தது. அப்பாவின் கடையில் ஆணி எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கவேயில்லை. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஆசிரியை குல்செஹ்ரா எழுதுகிறாள். “பெரியப்பா, மனுன்னா கொஞ்சம் விறைப்பா இருக்கணும்” என்கிறாள். ஆகவே இதில் உள்ள விறைப்பு அவளுடையது, மற்றது என்னுடையது.

2. முதலில் நன்றி. எங்கள் தெருப் படக்காரரின் குடும்பம் நாட்டை விட்டுப் போனபோது விறகு அறையில் விட்டுப்போன தகடுகளைத் தாங்கள் எடுத்து, தூசி ஒற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் வைத்துக் காத்திருக்கிறீர்கள். இன்று எங்கள் சந்தில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் வீடுகள் மிகக் குறைவு. தங்கள் பெட்டியைத் திறந்தாலோ சந்து முழுக்க ஆள். முதன்முதலாக அவற்றைப் பார்த்த நாள் வீட்டுக்கு வந்து, எனக்கே தெரியாமல் பாடிக்கொண்டிருந்தேன் என்று குல்செஹ்ரா சொல்கிறாள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

3. குறை இதுதான். பொன்சரிகை வேலை செய்த அங்கி அணிந்த ஆண்களின் படங்கள் அனைத்தையும் ஒரே உறையில் போட்டு, ‘ஒரே செல்வந்த வணிகர், பல வயதுகளில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அங்கி ஒன்றுதான். ஆள்தான் வேறு வேறு. அது படக்காரருடைய அங்கி. எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், காலையில் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்த அங்கியில்தான் மணப்பந்தலுக்குப் போவார்கள். குள்ளமானவருக்கு முதுகுப்புறம் ஊசி குத்துவார்கள். பருமனானவருக்கு முன்பக்கம் மட்டும் மாட்டிப் பின்னால் கயிறு கட்டுவார்கள். என் மாப்பிள்ளைப் படத்திலும் அதே அங்கிதான். அந்த உறையில் அந்த வணிகரின் முப்பதாவது வயதாக இருப்பவன் நான்தான்.

4. அதில் ஒரு படத்தில் மாப்பிள்ளையின் கைகள் மணிக்கட்டு வரை கறுப்பாக இருக்கின்றன. அதனால் கையுறை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், தவறென்று சொல்லமாட்டேன். அது அவுரிச் சாயம். அவர் பெயர் பின்ஹாஸ், சாயக்காரர், எங்கள் எதிர்வீடு. அந்தக் கைகள் நீலம். தெருப் பிள்ளைகள் கையில் அகப்பட்டால் மூக்கு நுனியில் ஒரு நீலப் பொட்டு வைத்துத்தான் விடுவார். நாங்கள் அகப்படுவதற்காகவே ஓடுவோம்.

5. படம் எடுத்த காலையில் நான் அங்கே இருந்தேன். ஆறு வயது. அவருடைய அம்மா அவர் கைகளைச் சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். “கல்யாணத்தன்னிக்காவது கை வெளுக்கட்டும்டா, பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க?” “விடும்மா, இந்தக் கையப் பாத்துத்தானே அவ சரின்னா.” தேய்த்ததில் அம்மாவின் கையும் நீலமானதுதான் மிச்சம். முற்றம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் படத்தில் நிற்கிறார். அருள்கூர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

6. அடுத்த ஆண்டு போருக்கு அழைத்தார்கள். புறப்படும்போது தொட்டிலில் கிடந்த மகள் புலோரின் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். திரும்பவில்லை. வீட்டிலிருந்த ஒரே படத்தை, காணாமற்போனவர்களைத் தேடித் தருவோம் என்றவர்களுக்கு அனுப்பினார்கள். ஆளும் வரவில்லை, படமும் வரவில்லை. எங்கள் வழக்கப்படி ஆண்டுதோறும் இறந்தவருக்கு விருந்து விரித்து, விரிப்பின் தலைப்பக்கம் அவருடைய படத்தை வைத்து, அவரைப் பற்றிப் பேசிச் சாப்பிடுவோம். புலோர் வீட்டில் மட்டும் படம் வைக்கும் இடத்தில் ஒரு நீலத் துணி மடித்து வைத்திருக்கும். புலோருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. அப்பாவின் முகம் எப்படி என்று அவளுக்குத் தெரியாது. நியூயார்க்கிலிருந்து அடுத்த மாதம், எங்கள் புத்தாண்டுக்கு முன் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களோடு வருகிறாள். இந்த ஆண்டு விருந்து எங்கள் சந்தில்தான்.

7. பெயரில்லாதவரின் படத்துக்கு உறவினர் பிரதி கேட்க முடியாது என்றும், பெயர் சேர்க்க நேரில் அறிந்த இருவர் வாசிப்பறையில் ஒருமித்துச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் அலுவலர் தில்ஃபூசா பணிவாக விளக்கினார். நியாயமான விதி. பின்ஹாஸ் அண்ணனை அறிந்தவர்களில் இன்று இருப்பது நானும், முடிதிருத்துநர் மஷியாக்கும்தான். அவனை அழைத்துப் போனேன். அதுதான் நான் செய்த பிழை.

8. அந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முலாம்பழத் துண்டோடு ஒரு பையன் நிற்கிறான். தின்றுகொண்டே தலையை ஆட்டியதால் முகம் கலைந்துவிட்டது. அது நான். மஷியாக் பார்த்தவுடன், “இந்தா, நான் நிக்கிறேன் பாரு” என்றான். “டேய், நீ அன்னிக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தே.” “அம்மை உனக்கு. பழத்தைப் பாத்தா தலை ஆடுற வியாதி எனக்குத்தான்.” தில்ஃபூசா வாயில் விரல் வைத்தார். “ஐயா, இங்க மெதுவாத்தான் பேசணும்.” “மெதுவாப் பேசுனா இவன் காதுல விழாதும்மா” என்றான் மஷியாக். அது உண்மை. அவர் எங்களை வெளியே அனுப்பியதும் முறையே. அனுப்பும்போது அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

9. வெளிப் படியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அந்த உறையில் இருந்த பாதிப் பேருக்குப் பெயர் சொல்லிவிட்டோம். நான் இருவரை மாற்றிச் சொன்னேன், அவன் திருத்தினான். அவன் தன் மாமாவையே தெரியாமல் விழித்தான், நான் சொன்னேன். நாங்கள் கத்தினால்தான் நினைவு வருகிறது, ஐயா. பின்ஹாஸ் அண்ணன் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் மஷியாக், “பையன் நான்தான்னு நீ ஒத்துக்க, மாப்பிள்ளை அவர்தான்னு நான் ஒத்துக்கறேன்” என்று வாசிப்பறைக்குள் திரும்ப வர மறுத்துவிட்டான்.

10. ஆகவே வேண்டுவது: புலோர் வருவதற்கு முன் ஒரு நாள், தங்கள் முற்றத்து முசுக்கட்டை மரத்தடியில் அந்தப் பெட்டியோடு எங்களை உட்காரவிடுங்கள். தகடுகளைத் தில்ஃபூசா மட்டுமே தொடட்டும். தேநீரை நாங்கள் தள்ளி வைத்துக் குடிக்கிறோம். ரொட்டி என் வீட்டிலிருந்து வரும். பின்ஹாஸ் அண்ணனின் பெயர் ஏறி, பிரதி புலோரின் கையில் சேர வேண்டும். நீலத் துணி இருக்கும் இடத்தில் இம்முறை அந்தச் சிரிப்பு இருக்கட்டும்.

11. அதற்குத் தடையாக ஒன்றும் இருக்க வேண்டாம் என்பதால், அந்தப் பையனை மஷியாக் என்றே எழுதிக்கொள்ள இதன்மூலம் சம்மதிக்கிறேன். அவன் யார் என்பது எனக்குத் தெரியும், அது போதும்.

தங்கள் நல்ல பதிலைப் பாட்டோடு எதிர்பார்க்கும்,

நிசோன் பாபாஜானவ்
(இடது பெருவிரல் ரேகை. குல்செஹ்ராவிடம் நீல மைதான் இருந்தது.)

இடம்: புகாரா
நாள்: 19.08.2025

சாட்சி: மனுவை முழுவதும் படிக்கக் கேட்டேன். மாப்பிள்ளை பின்ஹாஸ் அண்ணன்தான். பையன் நிசோன்தான், தெரிந்தேதான் சண்டை போட்டேன், அவன் கோபப்பட்டால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த முலாம்பழத்தை வாங்கியது என் அப்பா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளவும்.
— மஷியாக், முடிதிருத்துநர்